ஆர்லியன்ஸ் சாலையில் ஒரு சங்கக் கட்டடம்

லாட்ஜ் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பேருந்து நிலையத்துக்கு எதிரே பெயர்ப் பலகை மாட்டிய தங்கும் விடுதிதான். ஆனால் அமெரிக்க வரலாற்றைப் புரட்டினால் அச்சொல் முற்றிலும் வேறு பொருளில் எதிர்ப்படுகிறது. ஒரு பெரிய சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அங்கே லாட்ஜ் என்று பெயர். அக்கிளையினர் கூடும் அறைக்கும் அதே பெயர். ஒருவரையொருவர் சகோதரர் என்றழைத்து, சந்தா செலுத்தி, நோயிலும் சாவிலும் கைகொடுக்க உறுதி பூண்டவர்களின் கூட்டம் அது. கத்தோலிக்கரும் இத்தகைய சங்கங்களை அமைத்தார்கள். அவற்றுள் இரண்டைப் பற்றி, அதிலும் இரண்டில் சிறியதைப் பற்றியும் அது தனக்கென எழுப்பிக்கொண்ட கட்டடத்தைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் பெரிய சங்கத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது தெரியாமல் மற்றது விளங்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொழில் நகரங்களில் உழைத்த தொழிலாளிக்கு ஓய்வூதியம் இல்லை. ஆலையில் கை போனால் இழப்பீடு இல்லை. குடும்பத் தலைவன் இறந்தால் அடுத்த வாரமே அடுப்பு அணைந்துவிடும். விதவையால் காப்பாற்ற இயலாத பிள்ளைகளை நீதிமன்றமே பிரித்து அநாதை இல்லங்களுக்கு அனுப்பிவைத்தது உண்டு. இந்த அச்சத்துக்கு மருந்தாகவே பலவகைச் சகோதர சங்கங்கள் முளைத்தன. அவற்றுள் பலவும் இரகசியச் சத்தியமும் தமக்கெனச் சடங்குகளும் கொண்டவை. பிரீமேசன் சங்கத்தில் கத்தோலிக்கர் சேரலாகாது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 1738-இலேயே தடை விதித்திருந்தார். பதின்மூன்றாம் சிங்கராயர் 1884-இல் அதை மீண்டும் வலியுறுத்தினார். ஆனால், 'அங்கே போகாதே' என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? பசிக்கும் வீட்டுக்கு வேறு வாசல் ஒன்றைக் காட்ட வேண்டாமா?

இதைச் சிந்தித்தவர் அருட்தந்தை மைக்கேல் மக்கிவ்னி. இவர் 1852-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் ஓர் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் மூத்தவர். அவர்களில் அறுவர் சிறு வயதிலேயே இறந்துபோயினர். தந்தை பித்தளை ஆலையில் வார்ப்பு வேலை செய்தவர். மைக்கேலும் தம் பதின்மூன்றாம் வயதில் ஆலையில் கரண்டி செய்யும் பிரிவுக்கு வேலைக்குப் போனார். பின்னர்க் குருமடம் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, 1873-இல் தந்தை இறந்தார். குடும்பத் தலைவனை இழந்த வீடு எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறிந்ததாகச் சொல்ல முடியாது. 1877 டிசம்பரில் பால்டிமோர் நகரில் பேராயர் கிப்பன்ஸ் அவர்களால் குருவாக அருட்பொழிவு பெற்று, நியூ ஹேவன் நகரத்துப் புனித மரியன்னை ஆலயத்துக்கு உதவிப் பங்குக் குருவாக வந்து சேர்ந்தார். கிப்பன்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

அந்த ஆலயம் செல்வர்கள் வாழ்ந்த சாலையில் எழும்பியிருந்தது. கத்தோலிக்கக் கோயில் ஒன்று வந்து அச்சாலையின் அழகைக் கெடுத்துவிட்டதென்று 1879-இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு எழுதியது. அக்கோயிலின் நிலவறையில்தான் 1881 அக்டோபர் 2 அன்று இளைய குரு தம் பங்கு ஆண்களைக் கூட்டிப் பேசினார். 1882 மார்ச் 29 அன்று மாநிலச் சட்டமன்றத்தின் பட்டயம் பெற்று, 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' என்னும் சங்கம் பிறந்தது. அந்நாட்டைக் 'கண்டுபிடித்தவர்' கத்தோலிக்கர்தானே, பிறகு எங்களை அந்நியர் என்று எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வி அந்தப் பெயருக்குள் இருந்தது. கொலம்பஸ் அத்தீவுகளின் பழங்குடியினருக்குச் செய்த கொடுமைகளை அறிந்த இன்றைய மாணவி அப்பெயரை வேறு விதமாகவே வாசிப்பாள்.

சங்கத்தின் கணக்கு முறை மிக எளிது. நம் வீடுகளில் மொய் எழுதும் வழக்கத்தைக் கண்டவர்களுக்கு உடனே விளங்கும். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும். முந்நூறு பேர் இருந்தால் விதவையின் கையில் முந்நூறு டாலர். ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டால் ஆயிரம் டாலர். ஒரு டாலர் ஒருவருக்குப் பாரமில்லை. ஆயிரம் டாலர் ஒரு குடும்பத்தைச் சில ஆண்டுகள் நிமிர்ந்து நிற்க வைக்கும்.

இம்முறையில் ஒரு பொத்தல் இருந்தது. கணித வகுப்பில் செய்து பார்க்கத் தக்க பொத்தல் அது. ஒரு பேச்சுக்கு, முப்பது வயதுள்ள 200 பேர் சேர்ந்து தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருவர் இறந்தால் தலைக்கு இரண்டு டாலர். முப்பது ஆண்டுகள் கழித்து அதே கூட்டம் அறுபது வயதை எட்டும்போது ஆண்டுக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று இறப்பார்கள்; எட்டு டாலர் கேட்கப்படும். இதைக் காணும் இளைஞன் 'நான் ஏன் கிழவர்களுக்காகக் கட்ட வேண்டும்?' என்று சேராமல் நின்றுவிடுவான். இளைஞர் சேராவிட்டால் பாரம் இன்னும் ஏறும். எத்தனையோ சகோதர சங்கங்கள் இப்படித்தான் மூழ்கின. பிழைத்தவை, சேரும்போது உள்ள வயதுக்கேற்பத் தவணை வாங்கி, அதில் ஒரு பகுதியைச் சேமிப்பாக ஒதுக்கி வைத்த சங்கங்களே. அன்பு மட்டும் இருந்தால் சங்கம் நடக்காது. கூட்டல் கழித்தலும் வேண்டும்.

மக்கிவ்னி அடிகளார் 1890-இல் நிமோனியா காய்ச்சலில் தம் 38-ஆம் வயதில் மறைந்தார். 2020 அக்டோபர் 31 அன்று முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். நிலவறையில் தொடங்கிய அவருடைய சங்கம் 1969-இல் நியூ ஹேவன் நகரில் கெவின் ரோச் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 23 மாடித் தலைமையகம் கட்டிக்கொண்டது. நான்கு மூலைகளிலும் நான்கு உருண்டைத் தூண்கள். நடுவே கண்ணாடியும் எஃகும். அது வெற்றியின் கட்டடம். நாம் பார்க்கவிருப்பது வேறு வகையானது.

லாட்ஜுகளில் புது உறுப்பினரைச் சேர்க்க ஒரு வாக்கெடுப்பு முறை இருந்தது. ஒரு பெட்டி சுற்றி வரும். சேர்க்கலாம் என்பவர் வெள்ளை உருண்டை போடுவார். கூடாது என்பவர் கறுப்பு உருண்டை போடுவார். யார் எதைப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. நூறு பேர் ஆதரித்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கறுப்பு உருண்டைகள் விழுந்தாலே போதும். வந்தவர் வெளியே போக வேண்டியதுதான். கொலம்பஸ் சங்கத்தின் விதிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்கலாகாது என்று ஒரு வரியும் இல்லை. பெட்டி அந்த வேலையைச் செய்தது. 1964-இல் விதியை மாற்றி, சிலருடைய கறுப்பு உருண்டைகளால் மட்டும் ஒருவரைத் தள்ள முடியாதபடி செய்யும் வரை இந்நிலை நீடித்தது. எழுதி வைத்த தடையை எதிர்த்து வாதாடலாம்; எழுதாத தடையை எங்கே போய் வாதாடுவது?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்நாளில் கறுப்பினக் கத்தோலிக்கரின் நிலை இரட்டைத் துன்பம். கறுப்பர் என்பதால் வெள்ளையர் ஒதுக்கினர். கறுப்பின மக்களில் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்களாதலால் அவர்களிடையேயும் இவர்கள் சிறுபான்மை. ஆலயத்துக்குள்ளும் பின்வரிசைப் பெஞ்சுகள்தான். வெள்ளையர் அனைவரும் நற்கருணை வாங்கித் திரும்பிய பின்னரே இவர்கள் எழுந்து போக வேண்டிய கோயில்கள் இருந்தன. சகோதரிகளே, இதை எழுதும்போது நமக்கு வேறு சில கோயில்களும் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இங்கே அமெரிக்காவின் கதையையே தொடர்வோம்.

1909 நவம்பர் 7 அன்று, அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுக நகரில் நான்கு குருக்களும் மூன்று பொதுநிலையினரும் கூடி 'நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். குருக்கள் நால்வரும் கறுப்பின மக்களிடையே பணிபுரிவதற்கென்றே அமைந்த ஜோசபைட் சபையினர். அவர்களுள் ஒருவர் அருட்தந்தை ஜான் ஹென்றி டார்சி. அவர் கறுப்பினத்தவர். அமெரிக்க மண்ணிலேயே குருப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவருள் இரண்டாமவர். 1902-இல் அவருக்கு அருட்பொழிவு செய்தவர் யார் தெரியுமா? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மக்கிவ்னிக்குச் செய்த அதே கிப்பன்ஸ். அப்போது அவர் கர்தினால். ஒரே கைகள் அருட்பொழிவு செய்த இரு குருக்கள் இரு சங்கங்களின் தொடக்கத்தில் நிற்கிறார்கள். அந்தச் சங்கங்களோ ஒரே அறையில் அமர முடியாமல் தனித்தனியே நடந்தன.

புதிய சங்கத்தின் முதல் தலைவர் கில்பர்ட் ஃபாஸ்டினா என்னும் பொதுநிலையினர். 1911-இல் அலபாமா மாநிலச் சட்டப்படி சங்கம் பதிவாயிற்று.

பாதுகாவலராக அவர்கள் தேர்ந்த புனிதர் பேதுரு கிளேவரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. ஆகவே சிறிது விரித்துரைப்போம். ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில் 1580-இல் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். மயோர்க்கா தீவின் கல்லூரியில் வாயிற்காவலராக இருந்த முதிய சகோதரர் அல்போன்சு ரொட்ரீகஸ், புதிய உலகுக்குப் போ என்று இளைஞர் கிளேவரைத் தூண்டினார். 1610-இல் கிளேவர் இன்றைய கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனா துறைமுகம் சேர்ந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை அடைத்து வந்த கப்பல்கள் வந்து நிற்கும் துறை அது. கப்பல் நங்கூரமிட்டதும் அவர் படகில் ஏறிப் போவார். தண்ணீர், பழம், ரொட்டி, மருந்து, கூடவே ஆப்பிரிக்க மொழிகள் அறிந்த மொழிபெயர்ப்பாளர்கள். கப்பலின் அடித்தளத்து நாற்றத்தில் இறங்கி, புண்களைக் கழுவி, அதன் பிறகே வாய் திறந்து கடவுளைப் பற்றிப் பேசுவார். 'ஆப்பிரிக்கர்களுக்கு என்றென்றும் அடிமை' என்று தம்மைக் குறித்துக்கொண்டவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்பணி செய்து 1654 செப்டம்பர் 8 அன்று இறந்தார். 1888-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அந்த வாயிற்காவலர் அல்போன்சுக்கும் அதே நாளில்.

கொலம்பஸ் சங்கத்தார் கப்பல் தலைவன் ஒருவனைத் தேர்ந்தார்கள். இவர்களோ கப்பலின் அடித்தளத்துக்கு இறங்கிய ஒருவரைத் தேர்ந்தார்கள். தம் முன்னோர் எந்தத் தளத்தில் வந்தார்கள் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை.

அலபாமாவிலிருந்து சங்கம் லூயிசியானா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களுக்கும் பரவியது. கறுப்பினக் கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்ந்த லூயிசியானாவில் ஆழ வேர்விட்டது. நியூ ஆர்லியன்ஸ் அதன் தலைமை இடமாயிற்று. 1917-இல் சிறுவர் பிரிவு தொடங்கியது. 1922-இல் பெண்கள் பிரிவு முறைப்படி ஏற்கப்பட்டது. 1930-இல் சிறுமியர் பிரிவும் வந்தது. ஆண்களின் சங்கம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தே பெண்களுக்கு இடம் கிடைத்ததைக் கவனிக்க வேண்டும். விதவைகளுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட சகோதர சங்கங்களில் விதவைகளுக்கு வாக்கு இல்லாதிருந்தது வேடிக்கைதான். இதற்காகக் காத்திருக்காத பெண்களும் உண்டு. கிளீவ்லாந்து நகரில் ஸ்லோவாக்கியக் குடியேற்றப் பெண்கள் அன்னா ஹுர்பன் என்பவரின் தலைமையில் 1892-இலேயே தமக்கெனக் கத்தோலிக்கச் சங்கம் அமைத்து, தாங்களே கணக்கெழுதி, தாங்களே காப்புறுதித் தொகை வழங்கினர்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். ஒரு சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் எதற்கு? பங்கு மண்டபம் இல்லையா, பள்ளிக்கூட வகுப்பறை இல்லையா என்று கேட்கலாம். பொதுவாக எந்த லாட்ஜும் இரவல் இடத்தில்தான் தொடங்கும். இரவல் இடத்தில் இரவல் நேரந்தான் கிடைக்கும். பங்குக் குரு மாறினால் சாவியும் மாறும். ஆகவே சந்தாவில் சிறு பகுதியைக் கட்டட நிதியென்று ஒதுக்குவார்கள். நடன நிகழ்ச்சி, மீன் வறுவல் விருந்து, குலுக்கல் சீட்டு என்று காசு சேரும். நிலம் வாங்கி, கடன் எடுத்துக் கட்டுவார்கள். கட்டும் முறையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. அமெரிக்க நகரங்களில் பழைய லாட்ஜுகள் பலவற்றில் கீழ்த்தளம் கடைகளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கும். கூடம் மாடியில் இருக்கும். கீழே வரும் வாடகை மாடியின் கடனை அடைக்கும்.

தென்மாநிலக் கறுப்பினத்தவருக்கு இதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. பணம் இருந்தாலும் அவர்களுக்கு மண்டபம் வாடகைக்குக் கிடைக்காது. ஓட்டலில் அறை தர மாட்டார்கள். மாநாட்டுக்கு வந்தவர் சகோதரர் வீட்டுத் திண்ணையில் படுத்துறங்க வேண்டும். நியூ ஆர்லியன்சில் திரெமே என்றொரு பகுதி உண்டு. அங்கே கறுப்பினத்தவர் தம் சொந்த மண்டபங்களை எழுப்பும் வழக்கம், அடிமை முறை ஒழிவதற்கு முன்பே இருந்தது. சுதந்திரம் பெற்றிருந்த கறுப்பின ஆடவர் 1836-இல் ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் அமைத்து, 1857-இல் 'எக்கானமி ஹால்' என்ற மண்டபத்தைக் கட்டினர். கூட்டம், இசை, இறந்தவருக்கான சடங்கு யாவும் அதில் நடந்தன. அதே திரெமேயில், ஆர்லியன்ஸ் சாலையில், 1821-ஆம் எண் மனையில், 1951-இல் கிளேவர் சங்கம் தன் கட்டடத்தை எழுப்பியது. கிளேவர் கட்டடம் என்றே அதற்குப் பெயர்.

நியூ ஹேவன் கோபுரத்தைப் போல வானளாவியதல்ல அது. வழிப்போக்கர் நின்று பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் சங்கத்தாரின் சந்தாவில் எழுந்த அதன் அறைகளில் குடியிருந்தவர்கள் யாரென்று பார்த்தால்தான் செய்தி விளங்கும்.

முதன்மையானவர் அலெக்சாண்டர் பியர் டூரோ. 1899-இல் நியூ ஆர்லியன்சில் பிறந்த கத்தோலிக்கர்; வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1925-இல் சட்டம் பயின்று ஊர் திரும்பியவர். லூயிசியானா மாநிலம் முழுவதிலும் பல ஆண்டுகள் தொழில் நடத்திய ஒரே கறுப்பின வழக்கறிஞர் அவராகவே இருந்தார். கிளேவர் சங்கத்தின் தேசியச் சட்ட ஆலோசகரும் அவரே. கறுப்பின ஆசிரியைகளுக்கு வெள்ளை ஆசிரியைகளைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்து வந்த நியூ ஆர்லியன்ஸ் கல்விக் குழுவின் மீது வழக்குத் தொடுத்து, 1942-இல் சம ஊதியத்துக்கு வழி திறந்தவர். அவருடைய அலுவலகம் கிளேவர் கட்டடத்தில்தான் இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய 'என்.ஏ.ஏ.சி.பி.' என்னும் தேசியச் சங்கத்தின் அலுவலகமும் அதே கூரையின் கீழ் இயங்கியது.

இதில் என்ன பெரிய செய்தி என்று தோன்றலாம். 1956-இல் லூயிசியானா அரசு அந்தத் தேசியச் சங்கத்தைப் பார்த்து, உன் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று சட்டத்தைக் காட்டி நெருக்கியது. பட்டியலில் பெயர் வந்தால் வேலை போகும். ஆசிரியைகளுக்கு அது நிச்சயம். அப்படிப்பட்ட வேளையில் அலுவலக வாடகைச் சீட்டு வெள்ளையர் ஒருவரிடம் இருந்திருந்தால், ஒரு தொலைபேசி அழைப்பில் மேசை நாற்காலிகள் தெருவுக்கு வந்திருக்கும். வீட்டுக்காரர் தம் சகோதரரே என்னும்போது அந்தத் தொலைபேசி மணி அடித்துப் பயனில்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

1952 செப்டம்பரில் டூரோ இன்னொரு வழக்கைத் தாக்கல் செய்தார்: நியூ ஆர்லியன்ஸ் அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளைப் பிரித்து வைப்பது செல்லாது என்ற வழக்கு. 'புஷ்' வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். இரண்டாண்டு கழித்து, 1954 மே 17 அன்று, நாட்டின் உச்ச நீதிமன்றமே பிரிவினைப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அப்படியும் லூயிசியானா அசையவில்லை. சட்டமன்றம் ஒரு தடுப்புச் சட்டம் போடும். டூரோ நீதிமன்றம் போவார். நீதிபதி ஸ்கெல்லி ரைட் அதை உடைப்பார். சட்டமன்றம் மறுநாள் இன்னொன்று போடும். நீதிபதியும் அவ்வூர்க் கத்தோலிக்கர்தான். எட்டு ஆண்டுகள் இவ்வாறு போயின.

அந்த ஆண்டுகளில் அதே ஆர்லியன்ஸ் சாலையில் சிறிது தூரம் தள்ளி இருந்த 'டூக்கி சேஸ்' உணவகத்தையும் குறிப்பிட வேண்டும். அதன் சமையற்கட்டை ஆண்டவர் லேயா சேஸ். 1923-இல் பிறந்து, தம் ஊரில் கறுப்பினச் சிறுமியருக்குக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி இல்லாததால் நியூ ஆர்லியன்ஸ் வந்து, கறுப்பினத் துறவியரான திருக்குடும்பச் சகோதரிகளின் புனித மரியன்னைப் பள்ளியில் படித்தவர். உரிமைப் போராளிகள் அவருடைய மாடியறையில் கூடித் திட்டமிடுவார்கள். கருநிறத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பது சட்டப்படி குற்றமாயிருந்த நாளில், அவர் இரு சாராருக்கும் கம்போ சூப்பும் பொரித்த கோழியும் பரிமாறினார். 2019-இல் தம் 96-ஆம் வயதில் காலமாகும் வரை அவர் அடுப்படியை விடவில்லை.

1960 நவம்பர் 14 அன்று வழக்கின் பலன் தெருவில் தெரிந்தது. நான்கு சிறுமியர், நால்வருக்கும் ஆறு வயது, இதுவரை வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த இரு பள்ளிகளுக்குள் நடந்து சென்றனர். வில்லியம் ஃபிரான்ஸ் பள்ளிக்குத் தனியாகப் போனவள் ரூபி பிரிட்ஜஸ். மக்டோனோ 19 என்ற பள்ளிக்கு மூவர் போயினர்: லியோனா டேட், டெசி பிரெவோஸ்ட், கெயில் எட்டியன். கூட்டாட்சி அரசின் காவலர்கள் இருபுறமும் நடந்து வந்தார்கள். சாலையோரம் நின்று வசைமாரி பொழிந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. மக்டோனோ பள்ளியில் இருந்த வெள்ளைக் குழந்தைகள் எல்லோரையும் பெற்றோர் வந்து அழைத்துப் போய்விட்டனர். பெரிய கட்டடத்தில் மூன்று குழந்தைகள் மட்டுமே மிஞ்சினர். வெளியிலிருந்து யாரும் பார்க்காதபடி சன்னல்களில் காகிதம் ஒட்டப்பட்டது. முற்றத்தில் விளையாட அனுமதி இல்லை. படிக்கட்டின் கீழே விளையாடினார்கள். ரூபியோ ஓராண்டு முழுவதும் ஓர் ஆசிரியை, ஒரு மாணவி என்ற வகுப்பில் படித்தாள்.

அப்போது கத்தோலிக்கப் பள்ளிகள் என்ன செய்துகொண்டிருந்தன? நம் போன்ற பள்ளியின் மலரில் இக்கேள்வியைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. பேராயர் ஜோசப் ரம்மெல் 1953-இலேயே, கோயில் பெஞ்சிலும் நற்கருணைக் கிராதியிலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் இனப் பிரிவினை கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். 1956-இல் இனப் பிரிவினையே பாவம் என்று எழுதினார். ஆனால் மறைமாவட்டப் பள்ளிகளைத் திறப்பது மட்டும் ஆண்டாண்டாகத் தள்ளிப்போயிற்று. எதிர்ப்பு பலமாக இருந்தது; பேராயர் முதியவர், கண் பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. இறுதியில் 1962 மார்ச்சில் எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளும் எல்லா இனத்தவருக்கும் திறக்கும் என்று அறிவித்தார். கிளர்ச்சி செய்த மூவரை ஏப்ரலில் திருச்சபையிலிருந்து விலக்கினார். செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. அரசுப் பள்ளிகள் திறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பேராயரின் துணிவைப் பாராட்டுவோர் பலர், நாமும் பாராட்டுகிறோம். ஆயினும் அந்த ஆறு ஆண்டுகளில் முதல் வகுப்பில் சேர வேண்டியிருந்த குழந்தைகளுக்கு அந்தத் தாமதம் ஆறு ஆண்டுகள்தான்; அவர்களுக்கு மறுபடி ஆறு வயது ஆகப்போவதில்லை.

டூரோ 1972-இல் காலமானார். நியூ ஆர்லியன்சில் ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கிளேவர் கட்டடத்தைச் சுற்றியிருந்த உலகமும் மாறியது. அதற்கு மிக அருகில் குறுக்கிடும் கிளைபோர்ன் சாலையின் நடுவே நிழல் பரப்பி நின்ற பெரிய ஓக் மரங்கள் 1966-இல் வெட்டப்பட்டு, மேம்பால நெடுஞ்சாலை ஒன்று கறுப்பின வணிகத் தெருவின் தலைக்கு மேல் போடப்பட்டது. பள்ளிக்கூடக் கதவைத் திறந்த மக்கள் தம் தெருவின் மரத்தைக் காக்க முடியவில்லை. சங்கம் 1970-களில் அருகிலேயே புதிய தலைமையகம் கட்டிக்கொண்டது. கறுப்பினக் கத்தோலிக்கரின் பொதுநிலை அமைப்புகளில் பெரியது இன்றும் கிளேவர் சங்கமே.

மக்டோனோ 19 பள்ளியின் பின்கதையைச் சொல்லி முடிக்கிறோம். 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயல் வெள்ளத்துக்குப் பின் அப்பள்ளி பாழடைந்து கிடந்தது. மூவரில் ஒருவரான லியோனா டேட் தாம் அமைத்த அறக்கட்டளையின் மூலம் பல ஆண்டுகள் முயன்று, கூட்டாளிகளோடு சேர்ந்து அந்தக் கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்தார். 2022-இல் அது டேட், எட்டியன், பிரெவோஸ்ட் என்ற மூவரின் பெயரால் திறக்கப்பட்டது. பழைய லாட்ஜுகளைப் போலவே அதிலும் மேல்தளம் வேறு, கீழ்த்தளம் வேறு. கீழே உரிமைப் போராட்டக் கண்காட்சியும் கூட்டம் நடத்த இடமும் உள்ளன. மேலே முதியவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடுகள். டெசி பிரெவோஸ்ட் 2024-இல் இறந்தார். ஒரு காலத்தில் மூன்று குழந்தைகள் ஒளிந்து விளையாடிய அந்தக் கட்டடத்தின் சாவி இப்போது லியோனாவிடம் இருக்கிறது.